வைப்பர் துடைக்காத ஆவி: திருகோணமலையிலிருந்து நுவரெலியா போன ஒரு வானின் கதை

பின்னணி

திருகோணமலையில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்குக் குளிரோடு பழக்கம் குறைவு. வாடைக்காற்று மாதங்களில் மழை பெய்து ஓய்ந்தால் விடியப்புறம் கொஞ்சம் சில்லென்றிருக்கும், அவ்வளவுதான். சுவெற்றர் என்பது இங்கே அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும் சாமான். நுவரெலியாவுக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும்.

முன்கண்ணாடியில் ஆவி படர்ந்து, பாதை தெரியாமல் வீதியோரக் கானுக்குள் இறங்கிய இந்த வான் என் மைத்துனருக்குச் சொந்தமானது. ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான, 14 பேர் இருக்கக்கூடிய டீசல் வான். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஏசி உண்டு. சாரதி இருபத்தாறு வயது இளைஞர். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்குவதில் ஆறு வருட அனுபவம். கண்டிக்குப் பல தடவை போய் வந்தவர். நுவரெலியாவுக்கு ஒரே ஒரு தடவைதான், அதுவும் வெயில் நாளில், பகலில். நிதானமான ஓட்டம், குடியோ புகையோ இல்லை. நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. சொல்லப்போனால் பிழையான ஆலோசனை ஒன்று கொடுத்தவன் நான்தான். முப்பது வருடம் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன். பனிபடுநிலை, அதாவது காற்று தன் ஈரத்தைத் தண்ணீராக விடத் தொடங்கும் வெப்பநிலை, என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன்.

பயணம் தைப்பொங்கலுக்கு முந்திய வாரம். சாரதியோடு 12 பேர்: பெரியவர்கள் ஏழு, பிள்ளைகள் நான்கு. என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, கொஞ்சம் இழுப்பு உள்ளவர். பாதை வழக்கமானதுதான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா. கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். கடல் மட்டத்தில் தொடங்கி 1,868 மீற்றர் உயரத்தில் முடிகிற பாதை.

முதல் ஆவி: விடிய ஐந்து மணி

நாலரை மணிக்குப் புறப்பட்டோம். இரவு முழுக்க மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பிள்ளைகள் ஏறியதும் புழுக்கம் என்றார்கள். சாரதி ஏசியை முழு அளவில் போட்டு, காற்று முன்கண்ணாடிப் பக்கமும் போகிற மாதிரி வைத்தார். தம்பலகாமச் சந்தி தாண்டுவதற்குள் முன்கண்ணாடியின் கீழ்ப்பாதி வெள்ளையாக மங்கியது. பக்கக் கண்ணாடிகளும் அப்படியே.

அவர் சற்றும் யோசிக்கவில்லை. வைப்பரை ஒரு தட்டுத் தட்டினார், கண்ணாடி தெளிந்தது. சில நிமிடம் கழித்துத் திரும்ப மங்கியது, திரும்பத் தட்டினார். பிறகு ஏசியின் குளிரைக் கொஞ்சம் குறைத்தார், பிரச்சினை போய்விட்டது. எங்கள் ஊரில் வான் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் இது: மிஸ்ட் பிடித்தால் வைப்பரைப் போடு, ஏசியைக் குறை.

திருகோணமலைக்கு அந்த வைத்தியம் சரிதான். ஏன் சரி என்பதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக்கூட அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னேரம் நடந்ததற்கு விதை விழுந்தது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து.

றம்பொடை ஏற்றம்

கண்டியில் மதியச் சாப்பாடு. கம்பளை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. றம்பொடையில் அனுமார் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது மாமியாரின் நேர்த்தி. குடை நான்குதான் இருந்தது. தரிசனம் முடித்து வானுக்குத் திரும்பும்போது பிள்ளைகள் எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். நனைந்த குடைகள் சீற்றுக்கு அடியில், ஈரத் துவாய்கள் சீற்றின் முதுகில். ஒரு பிள்ளையின் சப்பாத்துக்குள் இருந்த தண்ணீர் வானுக்குள்ளேயே ஊற்றப்பட்டது. நேரம் ஐந்தே கால்.

மாமியார் இருமத் தொடங்கினார். "ஏசியை நிப்பாட்டு தம்பி" என்றேன். அவர் நிறுத்தினார். கண்ணாடிகள் எல்லாம் பூட்டியபடி. இன்னொன்றும் அப்போது எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும்படி விசை இருந்தது. அந்த வானில் அந்த விசை எப்போதும் அப்படித்தான் இருக்குமாம். ஏசி சீக்கிரம் குளிரும், லொறிப் புகையும் தூசியும் வராது என்பதற்காகச் சாரதி வருடக்கணக்காக அதைத் தொடாமல் விட்டிருந்தார்.

புறப்பட்டு ஐந்து நிமிடத்துக்குள் பின்பக்க ஜன்னல்கள் மங்கின. பிள்ளைகள் விரலால் படம் கீறி விளையாடினார்கள். இன்னும் சில நிமிடத்தில் முன்கண்ணாடி, மேலிருந்தும் ஓரங்களில் இருந்தும் உள்நோக்கி மங்கிக்கொண்டு வந்தது. சாரதி வைப்பரைப் போட்டார். மழைக்காக அது ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது, வேகத்தைக் கூட்டினார்.

"சேர், வைப்பர் வேலை செய்யுது. ஆனா கண்ணாடி தெளியுதில்ல."

நான் என் லேஞ்சியை எடுத்து அவருக்கு முன்னால் இருந்த பகுதியைத் துடைத்தேன். துடைத்த இடம் அரை நிமிடம் தெளிவாக இருந்தது. பிறகு முன்னையதை விட மோசமாக, கோடு கோடாக மங்கியது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் அந்தக் கோடுகளில் சிதறி, கண்ணாடி முழுவதும் ஒரே வெள்ளை. வளைவு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் பஸ்ஸுக்கு வழிவிட இடப்பக்கம் ஒதுக்கினார். வானின் முன் இடச்சில்லு வீதியோரக் கானுக்குள் இறங்கி, வான் ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

ஒருவருக்கும் காயமில்லை. வேகம் இருபதுக்கும் குறைவு. வலப்பக்கம் ஒதுக்க வேண்டி வந்திருந்தால் என்ன என்பதை அந்தப் பாதையைத் தெரிந்தவர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

அந்த இருபது நிமிடம்

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் ஆறு பேர் வந்தார்கள். எல்லோரையும் இறக்கிவிட்டுத் தூக்கித் தள்ளியதும் சில்லு வெளியே வந்தது. பின்னால் மரக்கறி லொறி ஒன்று நின்றது. அதன் சாரதி இறங்கி வந்து, எங்கள் முன்கண்ணாடியை உள்ளே கைவிட்டு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏசி போடலையா அண்ணே?"

குளிரில் எதற்கு ஏசி என்றார் எங்கள் சாரதி.

"கண்ணாடிக்குத்தாங்க. ஏசியப் போடுங்க, வெளிக் காத்த உள்ள விடுங்க, சூட்டையும் திருப்புங்க."

மூன்று வாக்கியம். அந்த மனிதர் விரலால் தொட்டுப் பார்த்ததைத்தான் நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஈரம் உள்ளேயா வெளியேயா என்று பார்த்த பிறகே அவர் வாயைத் திறந்தார்.

வீதியோரத்தில் நின்றபடி நாங்கள் எடுத்த முடிவுகளை அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். முதலில் எல்லாக் கதவுகளையும் திறந்து, உள்ளே அடைந்திருந்த காற்றை வெளியேற்றினோம். அடுத்தது ஈரச் சாமான்கள்: குடை, துவாய், மாற்றிய உடுப்பு எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் கட்டிக் கூரைத் தட்டில் ஏற்றினோம். பிள்ளைகளுக்கு உலர்ந்த உடுப்பு. வெளிக்காற்று விசையைத் திருப்பினோம். இத்தனை வருடம் அசையாத விசை, கொஞ்சம் முரண்டு பிடித்தது. காற்றை முழுவதும் முன்கண்ணாடிக்கு விட்டு ஏசியைப் போட்டோம். பின்பக்க ஏசியைப் போடவில்லை, அது பிள்ளைகளுக்கு நேரே குளிரடிக்கும்.

சூட்டு விசையைக் கடைசி வரை சிவப்புப் பக்கம் திருப்பியும் சூடு வரவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகி இருந்தும் வந்தது குளிர்காற்றுத்தான். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

சூடு இல்லாமலேயே மூன்று நிமிடத்தில் உள்பக்கம் தெளிந்தது. ஆனால் புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் கண்ணாடியின் கீழ்ப்பகுதி திரும்ப மங்கத் தொடங்கியது. சாரதியின் முகம் வெளுத்துவிட்டது. நான் விரலால் தொட்டேன். உள்ளே உலர்ந்திருந்தது. "வைப்பரைக் கூட்டு" என்றேன், தெளிந்தது. ஏசிக் காற்று கண்ணாடியைக் குளிர்த்தியதால் இப்போது வெளிப்பக்கம் ஈரம் பிடித்திருக்கிறது. காலையில் தம்பலகாமத்தில் கண்ட அதே ஆவி. ஒரே நாளில், ஒரே கண்ணாடியில், இரண்டு பக்கமும் இரண்டு விதமாக.

மாமியாருக்கு என் சால்வையைச் சுற்றிவிட்டோம். பக்க ஜன்னல்களை ஒரு விரல் அகலம் திறந்து வைத்தோம். எல்லோரும் நடுங்கினார்கள். ஏழே கால் மணிக்கு நுவரெலியா.

ஆளில்லாத வானில் ஈரம்

அன்றிரவு வான் விடுதி முற்றத்தில், திறந்த வானத்தின் கீழ், கண்ணாடிகள் பூட்டியபடி நின்றது. காலை ஆறு மணிக்குச் சாரதி என்னை எழுப்பினார். முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பனித்துளி. மழை விட்டு வானம் வெளித்த இரவு என்பதால் அது எதிர்பார்க்கக்கூடியது. விடுதிச் சமையலறையில் கொதிதண்ணீர் வாங்கி ஊற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். குளிர்ந்த கண்ணாடியில் கொதிதண்ணீர் பட்டால், ஏற்கெனவே கல்லடி பட்ட சின்னக் கீறல் இருந்தால் அது பாய்ந்து ஓடிவிடும். வைப்பரே போதும்.

எங்களைக் குழப்பியது உள்பக்கம். அங்கேயும் நன்றாக ஆவி பிடித்திருந்தது. இரவு முழுக்க உள்ளே மூச்சுவிட ஒரு ஆள் இல்லை. ஈரத் துணிகளும் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து?

முன்சீற்றுக்குக் கீழே இருந்த றபர் விரிப்பைத் தூக்கினோம். அதன் கீழ்க் கம்பளத்தை அழுத்தினால் தண்ணீர் கசிந்து வந்தது. முதலில் ஹீற்றரில் இருந்து எஞ்சின் தண்ணீர் ஒழுகுகிறதோ என்று பயந்தேன். அப்படியென்றால் ஒரு இனிப்பு வாசம் இருக்கும், கண்ணாடியில் படிவதும் எண்ணெய்ப்பிடிப்பாக இருக்கும், துடைத்தால் வழுக்கும். இது வெறும் தண்ணீர். ஊத்தை வாசம் மட்டும் இருந்தது. நேற்று வடிந்த மழைத் தண்ணீர் இவ்வளவு ஆழத்துக்கு ஊறியிராது. இது பல நாள் ஈரம்.

திரும்பி வருகிற பாதையில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. மாத்தளைக்குக் கீழே இறங்கியதும் எல்லோரும் ஏசி போடச் சொன்னார்கள்.

கராஜில் கண்டவை

திருகோணமலையில் எங்களுக்குத் தெரிந்த ஏசி பாஸ் ஒருவரிடம் வானை விட்டோம். நான் பக்கத்திலேயே ஒரு வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

முதல் விடயம், ஏசியின் தண்ணீர்க் குழாய். ஏசி குளிர்த்தும்போது காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகி ஒரு சின்னக் குழாய் வழியே வாகனத்துக்கு அடியில் சொட்ட வேண்டும். எங்கள் ஊரின் கடற்காற்றில் இது கொஞ்சநஞ்சத் தண்ணீர் அல்ல, வாகனம் நின்ற இடத்தில் சின்னக் குட்டையே தேங்கும். இந்த வானில் அந்தக் குழாய்க்குள் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் உள்ளே கம்பளத்தில் இறங்கியிருக்கிறது. சில மாதங்களாக வானின் அடியில் சொட்டவில்லை என்பதைச் சாரதி கவனித்துத்தான் இருந்தார். ஒழுக்கு நின்றுவிட்டது, நல்லது என்று நினைத்திருக்கிறார்.

இரண்டாவது, ஹீற்றர். எஞ்சினில் இருந்து ஹீற்றருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் குழாயும் திரும்பக் கொண்டுவரும் குழாயும் ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிருந்தன. அதாவது தண்ணீர் ஹீற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். எப்போதோ ஹீற்றர் ஒழுகியிருக்கிறது, முன்னைய கராஜ் ஒன்றில் இப்படிச் செய்துவிட்டார்கள். மைத்துனருக்கு அது தெரியும், மறந்துவிட்டார். பாஸ் சிரித்தார்: "இங்க யார் சேர் ஹீற்றர் கேக்கிறது?" நியாயமான கேள்விதான். வான் திருகோணமலையை விட்டு வெளியே போகாவிட்டால் அந்தக் குறுக்கு வழியால் ஒரு தீங்கும் இல்லை.

மூன்றாவது, வெளிக்காற்று வடிகட்டி. கறுப்பாக, மணலும் இலைத்தூளுமாக இருந்தது. வெளிக்காற்று விசையைத் திருப்பியபோதும் காற்று மெலிந்து வந்ததன் காரணம் இது.

நான்காவது ஒன்றைப் பாஸ் சொல்லவில்லை, நானே கண்டேன். முன்கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைக் கடுதாசியால் துடைத்தால் கடுதாசி பழுப்பாக வந்தது. ஒவ்வொரு நாள் காலையும் டாஷ்போர்ட்டில் உள்ள பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் வண்டி எடுக்கிறது வழக்கம். அந்தப் புகையும், வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக்கில் இருந்து எழும் ஆவியும் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்திருந்தன. இப்படிப்பட்ட படலத்தில் ஈரம் வேகமாகத் துளிபிடிக்கும், எதிர் வெளிச்சமும் கூடுதலாகச் சிதறும். லேஞ்சியால் துடைத்தபோது கோடு கோடாக வந்ததும் இதனால்தான். ஊதுபத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கி வெளியே நின்று காட்டலாம் என்று சொன்னேன். பிள்ளையாருக்கு ஆட்சேபம் இருக்காது.

ஒரு பள்ளிக்கூடக் கணக்கு

வீட்டுக்கு வந்ததும் பழைய பரிசோதனையைச் செய்து பார்த்தேன். விறாந்தையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், உள்ளே தண்ணீரும் வெப்பமானியும். பனிக்கட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே போனேன். 23 பாகை செல்சியஸ் வந்ததும் டம்ளரின் வெளிப்புறம் மங்கியது. அன்று காலை எங்கள் ஊர்க் காற்றின் பனிபடுநிலை அதுதான். 23 பாகைக்குக் குறைவாகக் குளிர்ந்த எந்தப் பொருளிலும் அந்தக் காற்று தண்ணீரை விடும். ஏசிக் காற்று நேரே படும் முன்கண்ணாடி அதைவிட எளிதாகக் குளிர்ந்துவிடும். ஆகவே வெளிப்பக்கம் ஆவி, வைப்பர் துடைக்கும் ஆவி.

மலையில் கதை தலைகீழ். கண்ணாடியை மழையும் குளிர்காற்றும் வெளியே இருந்து குளிர்த்துகின்றன, ஈரக்காற்று உள்ளே இருக்கிறது. உள்ளே எவ்வளவு ஈரம்? ஒரு மனிதர் சும்மா இருந்தாலே மூச்சாலும் தோலாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 மில்லிலீற்றர் தண்ணீரை விடுகிறார். மணித்தியாலத்துக்கு 33 கிராம் அளவு. 12 பேருக்கு 400 கிராம். வானுக்குள் உள்ள காற்று 8 கன மீற்றர் என்று வைத்தால், 20 பாகையில் அந்தக் காற்று தாங்கக்கூடிய நீராவி மொத்தமே ஏறத்தாழ 140 கிராம், கன மீற்றருக்குச் சுமார் 17 கிராம். பூட்டிய வானில் அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருக்கும். மிச்சத்தை நிரப்ப 12 பேரின் மூச்சுக்குப் பத்து நிமிடம் போதும். இதற்கு மேல் நனைந்த உடுப்பு, கம்பளம்.

மழை பெய்யும்போது வெளிக்காற்றை உள்ளே விட்டால் இன்னும் ஈரம் வராதா என்று சாரதி கேட்டார். நல்ல கேள்வி. என் மாணவர்களும் கேட்டிருப்பார்கள், நான்தான் இடம் கொடுத்திருக்க மாட்டேன். 15 பாகையில் முழுக்க ஈரமான காற்றில்கூட கன மீற்றருக்கு 13 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று வானுக்குள் வந்து 22 பாகைக்குச் சூடானால், அது தாங்கக்கூடியது 19 கிராம் ஆகிவிடும். தாங்கக்கூடியதில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கிறது. எனவே மலையின் மழைக்காற்று உள்ளே வந்து சூடானதும் உலர்ந்த காற்றாக வேலை செய்யும். ஏசி அந்தக் காற்றில் இருந்து இன்னும் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும், ஹீற்றர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். இரண்டும் சேர்ந்து ஓடுவது வீண்செலவு மாதிரித் தெரியும். பெரும்பாலானவர்கள் குழம்புகிற இடம் அதுதான், நானும் குழம்பினேன். ஏசியை நிறுத்தச் சொன்ன அந்த ஒரு வார்த்தையோடு ஈரத்தைப் பிழிகிற ஒரே இயந்திரமும் நின்றுவிட்டது.

மீண்டும் அதே பாதை

தண்ணீர்க் குழாய் சுத்தமாக்கப்பட்டது. கம்பளம் கழற்றி மூன்று நாள் வெயிலில் கிடந்தது. பாவித்த உதிரிப்பாகக் கடையில் நல்ல ஹீற்றர் ஒன்று கிடைத்தது, குறுக்கு வழிக் குழாய் அகற்றப்பட்டது. புது வடிகட்டி. கண்ணாடியின் உள்பக்கத்தை ஷாம்பூ கலந்த தண்ணீராலும் பிறகு வெறும் தண்ணீராலும் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளால் உலர்த்தினோம்.

இதற்கிடையில் சாரதி கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்தார். காலுறைக்குள் உப்பை நிரப்பி டாஷ்போர்ட்டில் வைத்தால் ஈரத்தை உறிஞ்சுமாம். நிலாவெளி உப்பு வாங்கி வைத்தார். மறுநாள் காலை காலுறை நனைந்து, டாஷ்போர்ட்டில் உப்புத்தண்ணீர் வழிந்திருந்தது. உப்புப் போத்தலுக்குள் அரிசி போட்டு வைக்கும் ஊரில் இதைச் செய்து பார்த்திருக்கத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தானே கரையத் தொடங்கும், எங்கள் கரையில் மாரிகாலத்தில் அது சாதாரணம்.

மாசி மாத நடுவில் ஒரு கல்யாண வீட்டுக்காக ஒன்பது பேர் நுவரெலியா போனோம், அதே சாரதி. இம்முறை முன்கண்ணாடியில் இடப்பக்கப் பாதியில் மட்டும் சவர நுரையைத் தடவி, காயவிட்டு, துடைத்திருந்தேன். றம்பொடையில் தேத்தண்ணிக் கடை வாசலில் பாதுகாப்பாக நிறுத்திவிட்டு ஒரு சோதனை. ஏசியை நிறுத்தி, உள்காற்றே சுற்றும்படி வைத்து, எல்லோரும் உள்ளே இருந்தோம். என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடத்தில் பக்க ஜன்னல்கள் மங்கின, ஏழு நிமிடத்தில் முன்கண்ணாடி. நுரை தடவிய பாதி பிந்தித்தான் மங்கியது, பன்னிரண்டு நிமிடம் வரை தாங்கியது. பிறகு வெளிக்காற்று, ஏசி, ஹீற்றர் மூன்றையும் போட்டு முன்கண்ணாடிக்கு விட்டோம். இரண்டு நிமிடத்தில் சாரதிக்குப் பாதை தெரிந்தது, நான்கு நிமிடத்தில் ஓரம் வரை தெளிவு. உள்ளே ஒருவரும் நடுங்கவில்லை.

நுரை தடவிய பாதியில் இருட்டிய பிறகு எதிர் வெளிச்சம் கொஞ்சம் பரவித் தெரிந்தது. சாரதிப் பக்கத்தில் அதைத் தடவ வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். கடைசி வரிசை ஜன்னல்கள் பாதை முழுக்க மங்கியேதான் இருந்தன. முன்னால் வரும் உலர்ந்த காற்று அங்கே போய்ச் சேர்வதில்லை, பின்பக்க ஏசி உள்காற்றையே எடுத்துக் குளிர்த்துகிறது. கடைசி ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்ததும் கொஞ்சம் தெளிந்தது. அந்த வரிசையில் இருந்தவர்கள் பூட்டிவிட்டார்கள்.

இனி வேறு விதமாகச் செய்வது

அடுத்த தடவை மலைக்குப் போகுமுன், புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னரே இரண்டு விடயங்களைப் பார்ப்போம். ஏசி போட்டு நிறுத்திய வானின் அடியில் தண்ணீர் சொட்டுகிறதா? எஞ்சின் சூடான பிறகு ஹீற்றரைத் திருப்பினால் உண்மையிலேயே சூடு வருகிறதா? இரண்டாவதைத் திருகோணமலை வெயிலில் செய்து பார்க்கச் சொன்னால் சாரதிகள் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும்.

கம்பளை தாண்டியதும் வெளிக்காற்று விசை திறந்திருக்க வேண்டும். ஈரக் குடைக்கு ஒரு பொலித்தீன் பை வாசலிலேயே தொங்க வேண்டும். மங்கத் தொடங்கிய பிறகு துடைப்பதை விட, மங்குமுன் காற்றை மாற்றுவது இலகு. மங்கியே விட்டால், அகலமான இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். அன்று முன்கண்ணாடி மங்கத் தொடங்கியதற்கும் கானுக்கும் இடையில் அப்படி இரண்டு இடத்தைக் கடந்து போனோம். லேஞ்சி கையில் இருந்ததால் நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை.

சாரதி தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறார். ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில், பிள்ளையாருக்குக் கீழே, ஒரு சின்ன வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் "முதல்ல விரல்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஈரம் விரலில் பட்டால் உள்ளே: வெளிக்காற்று, ஏசி, சூடு. படாவிட்டால் வெளியே: வைப்பர், குளிரைக் குறை. விளக்கம் எழுதாதது ஏன் என்று கேட்டேன். இடம் காணாது என்றார்.

மைத்துனர் பின்கண்ணாடியை இன்னும் திருத்தவில்லை. அதில் சூடேற்றும் மெல்லிய கம்பிகள் உண்டு. பழைய கறுப்பு ஸ்ரிக்கரை உரித்தபோது மூன்று கம்பி அறுந்துபோயிற்று, மிச்சம் வேலை செய்கிறது. குளிர்காலையில் அந்தக் கண்ணாடி பட்டை பட்டையாகத் தெளிகிறது, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக்கோடு நிற்கிறது.